ஏணிப்படி போன இடம்: மரமா, கான்கிரீட்டா, இரும்பா, அழிக் கம்பா?

"அண்ணாச்சி, மூணு மூட்டை சிமெண்ட் போட்டா போதுமா?"

எதுக்கு என்று கேட்டால் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டுக்குள் இருந்த ஏணிப்படியை எடுத்தாயிற்று, மேலே ஓட்டையாகக் கிடக்கிறது, மூட வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் சேரன்மகாதேவியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவனுக்கு இந்த வியாபாரம் வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது வரும். பிள்ளைகள் சென்னைக்கோ துபாய்க்கோ போய்விடுகிறார்கள். பெரியவர்கள் கீழே இருந்துகொண்டு மச்சை வாடகைக்கு விடுகிறார்கள். வாடகைக்காரர் நடுவீட்டு வழியாகவா ஏறுவார்? வெளியே புதுப்படி வருகிறது, உள்படி போகிறது. அது நின்ற இடத்துக்கு மேலே மூன்றடிக்கு ஒன்பதடி வெற்றிடம்.

சிமெண்ட் விற்றால் எனக்குத்தான் லாபம். இருந்தாலும் மூட்டையை இறக்குமுன் ஒன்று கேட்பேன்: "ஓட்டையோட ஓரத்துல என்ன இருக்கு? கட்டையா, கம்பியா?" பாதிப் பேர் முழிப்பார்கள். போய்ப் பார்த்துட்டு வாங்க என்று அனுப்பிவிடுவேன். எதனால் அடைக்கலாம் என்ற பேச்செல்லாம் அப்புறம். அந்த ஓரம் எதைத் தாங்கும் என்று தெரிந்துவிட்டால் முக்கால் முடிவு அங்கேயே ஆகிவிடும்.

இரண்டு வீட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்று அம்பாசமுத்திரத்தில் எங்கள் பழைய வீடு: சுண்ணாம்புச் சுவர், தேக்குக் கட்டை, அதன்மேல் பலகை பாவிய மச்சு. அம்மாவுக்கு முட்டுவலி, படியோ செங்குத்து, அடிப்பலகையில் கரையான் செல் வேறு ஏறியிருந்தது. பின்கட்டில் அகலமாகப் புதுப்படி கட்டிவிட்டு உள்படியை எடுத்தோம். இன்னொன்று பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் அக்கா வீடு: கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். ஓட்டை இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. அம்பையில் மரத்தால் அடைத்தேன், பாளையில் கான்கிரீட்டால். இரண்டிலும் வீட்டுக்கொரு தப்பு செய்தோம். அதையும் சொல்கிறேன்.

மூடுவதற்கு முன்னால் ஒரு யோசனை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆள் யாரும் மறந்திருக்க மாட்டார். ஆற்றங்கரைத் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் அரிசி மூட்டையும் சிலிண்டரும் பெரியவர்களும் மச்சுக்குப் போக உள்படிதான் வழி. வெளிப்படி மட்டும் இருந்தால் முதலில் வாசல் தண்ணீரைக் கடக்க வேண்டும். தாழ்ந்த தெருவில் வீடு இருக்கிறவர்கள் ஓட்டையை முழுக்க அடைக்காமல், இரண்டரை அடிச் சதுரத்துக்கு மேல்நோக்கித் திறக்கிற ஒரு கதவை விட்டு, ஏணி ஒன்றைச் சுவரில் மாட்டிவைக்கலாம். செலவு அதிகமில்லை.

இன்னொன்று, வேலை முடியும்வரை ஓட்டையின்மேல் தகரத்தையோ அட்டையையோ மெல்லிய பிளைவுட்டையோ போட்டு வைக்காதீர்கள். திறந்து கிடந்தால் பார்த்து ஒதுங்குவான், மூடியிருந்தால் மிதிப்பான். சுற்றிலும் சவுக்குக் கட்டையால் தடுப்புக் கட்டுங்கள்.

இனி எடைக்கு வருவோம். மூன்றுக்கு ஒன்பது, 27 சதுர அடி. ஐந்து அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் போட்டால் 11 கன அடிக்குக் கொஞ்சம் மேலே வரும், எடை சுமார் 800 கிலோ. அதன்மேல் தரை மட்டத்துக்குக் கலவையும் கல்லும் இரண்டு அங்குலம் ஏறினால் இன்னும் 250 கிலோ. ஆக ஒரு டன்னைத் தாண்டிவிடும். அதே இடத்துக்குத் தேக்குக் கட்டையும் பலகையும் போட்டால் 130 கிலோவுக்குள் முடியும். இரும்புச் சட்டம் போட்டு சிமெண்ட் ஃபைபர் போர்டும் டைல்ஸும் பாவினால் 170 கிலோ பக்கம்.

வீட்டுத் தளம் ஒன்றில் ஆட்களும் சாமானும் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட இந்தியத் தர நிர்ணயத்தில் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்திருக்கிறார்கள். நம் ஓட்டைக்கு அது 500 கிலோ. அப்படியானால், மரக் கட்டையின் தோளில் கான்கிரீட்டைத் தூக்கி வைக்கிறவர், ஆள் ஏறுவதற்கு முன்னாலேயே அதைப்போல் இரண்டு பங்கு பாரத்தை நிரந்தரமாக ஏற்றிவிடுகிறார். பதினேழு பேர் ராவும் பகலும் எந்திரிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி. தேக்கு உடனே முறியாது. வருஷக்கணக்கில் மெல்லத் தொய்யும். கட்டை தொய்ந்தால் கான்கிரீட் அதோடு சேர்ந்து தொய்யாது, ஓரத்தில் வாய் பிளக்கும். அந்தப் பிளவில் மேலே துடைக்கிற தண்ணீர் இறங்கிக் கட்டையின் தலையில் போய் நிற்கும். செல்லுக்கு விருந்து வைத்த கதைதான். மர மச்சுக்கு சிமெண்ட் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

மர மச்சு உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கட்டைகள் ஓடும் திசை. ஓட்டையின் நீளவாக்கும் கட்டையின் நீளவாக்கும் ஒன்றாக இருந்தால் அதிர்ஷ்டம்: ஒன்றோ இரண்டோ கட்டைகளை மட்டும்தான் அன்றைக்கு அறுத்திருப்பார்கள். குறுக்காக இருந்தால் ஐந்தாறு கட்டைகளின் தலை அறுபட்டு, ஒரு குறுக்குக் கட்டையில் வரிசையாகத் தொங்கும். அந்தக் குறுக்குக் கட்டைதான் அந்த இடத்துக்கு உயிர். ஓட்டையை நிரப்பும் சாக்கில் அதைக் கழற்றவே கூடாது.

எங்கள் வீட்டில் நீளவாக்கு ஒன்றாகவே இருந்தது. இரண்டு கட்டைகளை அறுத்துக் குறுக்குக் கட்டையில் சொருகியிருந்தார்கள். குறுக்குக் கட்டையின் இரு முனையும் பக்கத்துக் கட்டைகளில் காடிப் பள்ளம் எடுத்து உட்கார்ந்திருக்கும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். ஒரு முனை அப்படித்தான் இருந்தது. மறுமுனை படியின் தலைத்தூண் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. தூணைத் தட்டி எடுத்ததும் மச்சு ஒரு முனகல் முனகி அரை அங்குலம் இறங்கிற்று. மேலே சுவரில் மாட்டியிருந்த தாத்தா படம் சாய்ந்தது. ஆசாரி உளியைக் கீழே போட்டுவிட்டு, "முட்டுக் குடுக்காம கை வச்சது என் தப்புதான் தம்பி" என்றார். அவரை அவசரப்படுத்தியது நான். படி எதையும் தாங்கவில்லை, அதைத்தான் மச்சு தாங்குகிறது என்று எல்லோரும் நினைப்போம். பழைய வீட்டில் பல சமயம் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்.

பிறகு இரண்டு சவுக்கு முட்டுக் கொடுத்து, ஒன்றன் அடியில் கார் ஜாக்கியை வைத்துக் காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சமாக இரண்டு நாளில் ஏற்றினோம். ஒரே மூச்சில் ஏற்றினால் சுவருக்குள் இருக்கும் மறுமுனை சுண்ணாம்பைப் பெயர்த்துக்கொண்டு வரும். டியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, பழைய நிலைக்கு வந்ததும்தான் அடுத்த வேலை.

அறுத்த இடத்தில் குறுக்காக மூன்றடித் துண்டுகளைச் சொருகி ஒப்பேற்றுவது ஒரு வழி. மலிவு. ஆனால் துண்டின் பாரமெல்லாம் இரண்டு பக்கத்துக் கட்டைகளின் நடு வயிற்றில் போய் விழும். நாங்கள் அறுபட்டு நின்ற பழைய கட்டைத் துண்டுகளையே எடுத்துவிட்டு, சுவரிலிருந்து உத்திரம்வரை 12 அடி நீளத்தில் நாலுக்கு ஆறு அங்குலத் தேக்கில் இரண்டு முழுக் கட்டைகளைப் போட்டோம். படி வருவதற்கு முன்னால் மச்சு எப்படி இருந்ததோ அந்த நிலைமைக்கு வந்துவிட்டது. முழுக் கட்டையை உள்ளே கொண்டுவர இடமில்லாத வீட்டில், அறுபட்ட கட்டையின் பக்கத்தில் புதுக்கட்டையை ஒட்டிவைத்து, இரண்டையும் சேர்த்து அரை அங்குல போல்ட் பூட்டலாம். ஒட்டு ஒவ்வொரு முனையிலும் மூன்றடிக்குக் குறையாமல் இருக்கட்டும். போல்ட் எல்லாம் ஒரே கோட்டில் வந்தால் மரம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும், மேலும் கீழுமாக மாற்றிப் போடச் சொல்லுங்கள். வாஷர் பெரிதாக இருக்க வேண்டும். இதைச் சொன்னால் கடைக்காரன் புத்தி என்பார்கள். சின்ன வாஷர் மரத்துக்குள் அமுங்கிப் போவதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

சுவருக்குள் போகும் கட்டைத் தலையில் முந்திரிக் கொட்டை எண்ணெயோ செல் மருந்தோ இரண்டு கை பூசி, சுற்றிலும் விரல்கடை இடைவெளி விட்டு வைக்க வேண்டும். கொத்தனார் அழகாக இருக்கட்டும் என்று சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவார். அடைத்தால் காற்றுப்போகாமல் தலை உளுத்துப்போகும்.

பலகைக்கு எங்கேயும் போகவில்லை. எடுத்த படியிலேயே இருந்தது. பன்னிரண்டு படிப்பலகை, ஒன்றேகால் அங்குலக் கனம். நாலு தலைமுறை மிதித்ததில் நடுப்பாகம் குழிந்து, முன் விளிம்பு மழுங்கியிருந்தது. ஆசாரி அந்த விளிம்பை அறுத்து நேராக்கிவிட்டு எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். வெயிலும் காலும் படாத அடிப்பக்கம் நேற்று இழைத்த மரம்போல மஞ்சளாக இருந்தது. குழிந்த பக்கம் இப்போது கீழே, கூடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொன்றும் எட்டரை அங்குல அகலம் தேறியது, பன்னிரண்டும் சேர்ந்து எட்டரை அடி. பலகை நீளம் மூன்றடிக்கு ஒன்றரை அங்குலம் குறைந்தது, இரண்டு ஓரத்திலும் ரீப்பர் ஓட்டிச் சரிக்கட்டினார். படியின் பக்கப் பலகைகளை மட்டும் பாரத்துக்குப் பயன்படுத்த விடவில்லை. பார்க்க நல்ல கனம்தான், ஆனால் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு காடி சரிவாக வெட்டியிருக்கும். அவை இப்போது திண்ணையில் பெஞ்சாகக் கிடக்கின்றன.

பழைய படி உங்களுக்குக் கிடைக்காவிட்டால், இடித்த வீட்டு மரம் விற்கிற இடத்தில் தேடுங்கள். பச்சை மரம் மட்டும் வேண்டாம். நூறு வருஷம் காய்ந்த கட்டைக்குப் பக்கத்தில் அது ஒரு கோடையில் சுருங்கி, பலகைக்குப் பலகை பத்துக்காசு போகிற இடைவெளி விழும். திசையன்விளை, உவரிப் பக்கத்து வீடுகளில் மச்சே பனங்கட்டையில் இருக்கும். வைரம் பாய்ந்த பனை தேக்குக்கு இளைத்ததில்லை. ஆனால் ஆணி அடித்தால் நார் விலகும். முதலில் துளை, பிறகு போல்ட்.

மரத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். மேலே நடந்தால் கீழே கேட்கும், பேசினாலும் கேட்கும். தண்ணீர் கொட்டினால் சொட்டும். கூட்டினால் தூசி இறங்கும். மேலே வாடகைக்காரர் இருக்கப்போகிறார் என்றால் இதெல்லாம் சண்டைக்குக் காரணமாகும். சொந்தப் பிள்ளைகள் என்றால் பழகிப்போகும்.

இனி பாளையங்கோட்டை. அக்கா வீட்டில் மரத்துக்கும் இரும்புக்கும் வேலையே இல்லை. நாலு பக்கமும் கான்கிரீட் இருக்கிறது, நடுவில் வேறு எதைப் போட்டாலும் ஒட்டுப்போட்ட சட்டைதான். அந்த மூன்று மூட்டைக் கணக்கும் அங்கே சரியாகவே வந்தது: சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, முக்கால் அங்குலச் சல்லி மூன்று என்று கலந்தால் 27 சதுர அடிக்கு மூன்று மூட்டைக்குள் முடியும். 8 மி.மீ. கம்பி நாலு முழு நீளம், 19 கிலோ பக்கம். விஷயம் மூட்டையில் இல்லை, பழைய தளத்தோடு புதுத்தளம் எப்படிக் கை கோர்க்கும் என்பதில் இருக்கிறது.

அங்கே நாங்கள் செய்த தப்பு படியை உடைத்த அன்றைக்கே நடந்தது. பிரேக்கர் வைத்து உடைத்த பையன்கள், துருத்திக்கொண்டிருந்த கம்பிகளை எல்லாம் கட்டிங் மெஷினால் ஓரத்தோடு ஓரமாக மழித்துவிட்டார்கள். "சுத்தமா இருக்குல்லா சார்" என்று பெருமை வேறு. படியின் கம்பி மேல்தளத்துக்குள் ஓடி முடியும். உடைக்கும்போது அதை ஒன்றரை அடி நீட்டி விட்டிருந்தால், 8 மி.மீ. புதுக்கம்பியை அதோடு ஒட்டிக் கட்டிவிடலாம். பழைய கம்பியே புதுத்தளத்தைப் பிடித்துக்கொள்ளும், காசும் மிச்சம். இதைப் படிக்கிறவர்கள் இன்னும் படியை உடைக்கவில்லை என்றால், கம்பியில் கை வைக்காதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

மழித்தது மழித்ததுதான். துளைபோட்டுக் கம்பி நட வேண்டி வந்தது. தளத்தின் வெட்டுமுகத்தில் அரையடிக்கு ஒன்றாக, பழைய கம்பியில் மோதாமல், ஐந்து அங்குல ஆழத்துக்குத் துளை. அதில் கம்பியை ஒட்டவைக்கும் கெமிக்கல் விட்டுக் கம்பியைச் சுழற்றிச் சொருக வேண்டும். எல்லோரும் கெமிக்கலின் விலையைப் பார்க்கிறார்கள், துளைக்குள் இருக்கும் தூளைப் பார்ப்பதில்லை. பையன் துளை போட்டதும் வாயால் ஊதிவிட்டு கெமிக்கல் துப்பாக்கியை எடுத்தான். நிறுத்தி, காற்றுப் பம்பால் ஊதி, பிரஷ் விட்டுக் குடைந்து, மறுபடி ஊதச் சொன்னேன். இரண்டாம் தடவையும் சாம்பல் நிறத்தில் புகைபோலத் தூள் வந்தது. அந்தத் தூளோடு ஒட்டினால் கெமிக்கல் தூளைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. மறுநாள் ஒவ்வொரு கம்பியையும் குழாய் ரிஞ்சால் பிடித்துத் திருகிப் பார்த்தோம். ஒன்று சுழன்றது. அது முதலில் வாயால் ஊதிய துளை.

ஓட்டையின் ஒரு நீளப் பக்கம் சுவர். செங்கல் சுவரில் நாலு அங்குல ஆழத்துக்குக் காடி எடுத்துத் தளத்தை உள்ளே உட்காரவைக்கலாம், சிமெண்டில் கட்டிய சுவராக இருந்தால். அதையும் ஒரே நாளில் ஒன்பது அடிக்கு வெட்டாமல் மூன்று மூன்று அடியாக வெட்டுவது நல்லது. மறு நீளப் பக்கத்தில் பீம் இறங்கியிருக்கிறதா என்று கீழிருந்து பாருங்கள். இருந்தால் சுவருக்கும் பீமுக்கும் நடுவே மூன்றடிதான், தளம் சுலபமாகத் தாண்டும். பீம் இல்லாமல் தளத்தின் வெறும் விளிம்பு மட்டும் நிற்கிறது, அல்லது ஓட்டை நாலடி அகலத்தைத் தாண்டுகிறது, அல்லது படிக்காக ஒரு பீமையே வெட்டியிருக்கிறார்கள் என்றால், என் கடைப் பேச்சைக் கேட்காமல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

வெட்டுமுகத்தை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, முதல்நாள் ராத்திரியே தண்ணீர் குடிக்கவிட்டு, கான்கிரீட் கொட்டும் நேரத்தில் சிமெண்ட் பால் அடிக்க வேண்டும். நேரத்தில் என்றால் அந்த நேரத்திலேயே. பால் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனால் அது காய்ந்து, பழையதையும் புதியதையும் பிரிக்கும் தோலாகிவிடும்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வருகிற காற்று, துணி காயப்போட்டால் கொடியோடு கொண்டுபோகும். வெயிலே இல்லாவிட்டாலும் அந்தக் காற்று புதுக் கான்கிரீட்டின் மேல்தோலை ஒரு மணி நேரத்தில் உலர்த்தி, சிலந்தி வலைபோல வெடிப்பு விடவைக்கும். நாங்கள் போட்டது ஆடியில். மட்டம் அடித்த கையோடு ஈரச் சாக்கு, மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர். சாதா சிமெண்டுக்கு ஏழு நாளாவது, சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயக் கூடாது என்பது தர விதி. இப்போது கடைகளில் வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை, ஆகவே பத்து நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இத்தனூண்டு தளம்தானே என்று மூன்றாம் நாளே முட்டுக் கட்டைகளைப் பிரிக்கிறவர்கள் உண்டு. ஏழு நாளுக்கு முன்னால் தொடக்கூடாது. அக்கா வீட்டில் பதினாலு நாள் விட்டோம், சென்ட்ரிங்காரர் பலகைக்காக நாலு தடவை போன் பண்ணினார்.

என்ன செய்தாலும் பழையதும் புதியதும் சேரும் கோட்டில் கீழே மயிரிழை வெடிப்பு ஒன்று தெரியும். தளம் காய்ந்து சுருங்குவதால் வருவது அது, பயப்பட வேண்டாம். உடனே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்காமல் ஒரு கோடையைக் கழியவிட்டு, வலை டேப் ஒட்டிப் பூசினால் மறையும். மேலே தரையை மறைக்க முடியாது. நாற்பது வருஷம் கால்பட்டுக் கருஞ்சிவப்பான தரைக்கு எந்தப் பொடியைக் கலந்தாலும் நிறம் சேராது. அக்காவிடம் சேர்க்கவே வேண்டாம் என்றேன். சுற்றிலும் நாலு அங்குலத்துக்குக் கறுப்புக் கிரானைட் பட்டை ஓட்டி, நடுவில் வேறு கல் பாவினோம். ஒன்பதடிக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறது. அத்தான் மட்டும் இன்னும் அதைச் சுற்றித்தான் நடக்கிறார், ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்.

இரும்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மர மச்சுதான், ஆனால் மேலே வாடகைக்காரர், தண்ணீர் சொட்டக் கூடாது, நல்ல மரமும் கிடைக்கவில்லை என்றால் இரும்புதான் நடுவழி. மூன்றடி தாண்ட மூன்று அங்குல சி-சேனல் ஒன்றரை அடிக்கு ஒன்று போதும். அதன்மேல் 18 மி.மீ. ஃபைபர் போர்டு, டைல்ஸ். இரண்டு நாள் வேலை, தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டாம். சேனலின் முனைகள் எங்கே உட்காருகின்றன என்பதைப் பாருங்கள். பழைய மரக் கட்டையில் வெல்டிங் காதை வைத்து ஆணி அடித்துத் தொங்கவிடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. முடிந்தால் சுவருக்குச் சுவர் ஒரு பெரிய சேனல், அதில் சின்னச் சேனல்கள். கட்டைக்கு மேல் செங்கலைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் பாவிய பழைய மட்டப்பாவுக்கும் இதுவே பொருந்தும். நடந்தால் டங்கென்று அதிரும், சேனலுக்கும் போர்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை ஓட்டினால் குறையும். இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் கடல்காற்றில் சாதா ரெட் ஆக்சைடு பிரைமர் நிற்காது. எப்பாக்சி பிரைமர் அடித்த பிறகே சட்டத்தை மேலே ஏற்ற வேண்டும்.

ஒரு பெரிய கொத்தனார், "கோயில்ல பாவுன மாதிரி பட்டியக்கல்லத் தூக்கிப் போட்டுரலாம்வே" என்றார். நாலு அங்குலக் கல் சதுர அடிக்கு 25 கிலோ. கான்கிரீட்டின் எடையை எல்லாம் வாங்கிக்கொண்டு கம்பியின் தைரியம் இல்லாத பொருள் அது. கான்கிரீட் வெடித்துக் காட்டும், தொய்ந்து காட்டும். கல் ஒன்றும் காட்டாமல் முறியும். மண்டபத்தில் நல்ல கனத்தில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வீட்டில் நாலு அங்குலத்தில் போடக் கூடாது.

கடைசியாக, மூடாமலே விடுவது. இதை யாரும் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. அம்பை வீட்டில் சித்திரை வெயிலில் கூடம் குளிர்ந்து கிடந்ததற்கு அந்தப் படி ஓட்டையும் ஒரு காரணம். சூடான காற்று அது வழியாக மச்சுக்கு ஏறி, மேலிருக்கும் சன்னல் வழியாக வெளியே போகும். பன்னிரண்டு பலகையும் பாவி முடித்த அன்று மத்தியானம் அம்மா விசிறியைத் தேடினாள். மீதி இருந்தது அரையடிதான், அதற்குப் புதுப்பலகை வாங்க நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஆசாரி தடுத்தார். படியின் கைப்பிடியில் இருந்த கடைசல் கம்புகள் மூலையில் கிடந்தன. "இந்த அரையடிக்கு அழி பாய்ச்சிருவோம். காத்தும் போவும், வெளிச்சமும் விழும்."

இரண்டு விரல் இடைவெளியில் கம்புகளை நட்டு, மச்சுத் தரையோடு மட்டமாக நிறுத்தினார். மழைக்காலத்துக்கும் விருந்தாளிகளுக்கும் ஒரு பலகை மூடி. வாடகைக்கு விடுகிற வீட்டில் இது நடக்காது, கீழே பேசுவதெல்லாம் மேலே போய்விடும். எங்களுக்கு மேலே இருப்பது என் மகனும் அவன் புத்தகங்களும்தான். ஏணிப்படி இருந்தபோது அம்மா அதன் அடியில் நின்று கூப்பிடுவாள். இப்போது அழிக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கூப்பிடுகிறாள்.

"ஏலே, காப்பி ஆறுது. பின்பக்கமா சுத்திவா."